சி.எஸ்.ஆர். கொடுத்துட்டாங்க, அப்புறம் எப்.ஐ.ஆர். எதுக்கு?

கீழவைகை | 2025 ஏப்ரல் 2, காலை 10.14

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிறுத்தியிருந்த பைக்கைக் காணோம். அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். போட்டு ரசீது கொடுத்தாங்க. இன்சூரன்ஸ்ல எப்.ஐ.ஆர். காப்பி கேக்குறாங்க. ஸ்டேஷன்ல போய்க் கேட்டா, "ரெண்டும் ஒண்ணுதான், 15 நாள் தேடிப் பாத்துட்டு எப்.ஐ.ஆர். போடலாம்"கிறாங்க. ரெண்டுமே போலீஸ் கொடுக்கிற ரசீதுதானே? சி.எஸ்.ஆர். நம்பர் இருந்தாலே வழக்குப் பதிவாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

குமாஸ்தா | ஏப்ரல் 2, மதியம் 1.30

இல்லை. மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு சி.எஸ்.ஆர். (கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்). அதோடு அதன் வேலை முடிந்தது. எப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்டால்தான் குற்ற எண் விழும், புலன்விசாரணை தொடங்கும். முக்கியமாக, அந்தத் தகவல் உடனே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். சி.எஸ்.ஆர். ஸ்டேஷன் சுவருக்குள்ளேயே கிடக்கும் பதிவேடு. உங்கள் பைக் திருடு போனது இன்றைக்கு ஸ்டேஷனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவும் இதில்தான் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. மதுரைப் பக்கம் ஒரு கோர்ட் வளாகத்தில் வருஷக்கணக்காகக் காகிதம் தூக்கிக்கொண்டு நடக்கிறவன். சி.எஸ்.ஆர். சீட்டை லேமினேட் செய்து பத்திரமாக வைத்துக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று ஒரு வருஷம் நம்பிக் காத்திருந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

குமாஸ்தா | ஏப்ரல் 2, இரவு 9.05

மதியம் அவசரத்தில் சட்டப்பிரிவு எழுத முடியவில்லை. இப்போது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது சி.ஆர்.பி.சி., கிடையாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., அந்த இடத்துக்கு வந்துவிட்டது. முன்பு 154 என்று சொன்ன பிரிவு இப்போது 173. போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் பதிவு செய்ய வேண்டும். வாயால் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆன்லைனில் அனுப்பினால் 3 நாளுக்குள் நாம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நகல் இலவசம், பேப்பர் வாங்கி வா, ஜெராக்ஸுக்குக் காசு கொடு என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை.

சி.எஸ்.ஆர். என்ற பெயரே பி.என்.எஸ்.எஸ்.ஸில் எங்கும் வராது. அது போலீஸ் நிர்வாகத்தின் ஏற்பாடு.

"எப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு எங்க இருக்கு" என்று கேட்டால் லலிதா குமாரி தீர்ப்பைச் சொல்லுங்கள். 2013 நவம்பர் 12, உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு. உத்தரப் பிரதேசத்தில் கடத்தப்பட்ட ஒரு சிறுமிக்காக அவளுடைய அப்பா 2008-ல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், கண்டுகொள்ளவில்லை. எஸ்.பி.யிடம் போன பிறகுதான் எப்.ஐ.ஆர். விழுந்தது, அதன் பிறகும் வேலை நகரவில்லை. அந்த அப்பா விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனதால், நேரடி நடவடிக்கைக் குற்றம் என்று தகவலில் தெரிந்தாலே பதிவு கட்டாயம் என்ற விதி நமக்கெல்லாம் கிடைத்தது. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

செவல்காடு | ஏப்ரல் 3, காலை 7.48

அண்ணே, அந்தத் தீர்ப்புலயே முதற்கட்ட விசாரணைக்கு அனுமதி இருக்கே? போலீஸ்காரங்க அதைத்தான் சொல்றாங்களோ?

குமாஸ்தா | ஏப்ரல் 3, இரவு 8.20

இருக்கிறது. குடும்பத் தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் தாமதமாக வரும் புகார். இவற்றில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பைக் திருட்டு இந்த வரிசையில் இல்லை.

ஆனால் புதுச் சட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் நேற்று எழுதியதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 173(3): 3 வருஷத்திலிருந்து 7 வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், பதிவு செய்யும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருஷம் (பழைய ஐ.பி.சி. 379, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., 303(2)), ஆக அதுவும் இதற்குள் வந்துவிடுகிறது. போன மாதம் 28-ம் தேதி இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த உட்பிரிவு பழைய சட்டத்தில் இல்லாத விதிவிலக்கு என்று பேசியிருக்கிறது.

அதனால் "15 நாள் பொறுங்க" என்பது அந்தரத்திலிருந்து வந்த பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் வாயால் சொல்வது அனுமதி ஆகாது. கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: "173(3)-ல் விசாரிக்கிறீங்களா சார்? டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதி?" சத்தம் போடாமல், மரியாதையாக, கையில் நோட்டும் பேனாவுமாகக் கேளுங்கள். பைக் இருக்கிறதா என்று தேடுவதற்காக வந்த பிரிவும் அல்ல அது. குற்றம் நடந்ததாக மேலோட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க மட்டுமே. தேடுவது புலன்விசாரணை, அது எப்.ஐ.ஆருக்குப் பிந்திய வேலை.

மணல்மேடு | ஏப்ரல் 3, இரவு 10.31

என் செல்போன் பஸ்ல போச்சு. 'திருடு போச்சு'ன்னு எழுதினேன். 'தொலைஞ்சு போச்சுன்னு மாத்தி எழுதுங்க, சீக்கிரம் முடியும்'னாங்க. மாத்திக் கொடுத்துட்டேன். தப்பா?

குமாஸ்தா | ஏப்ரல் 4, காலை 6.40

இதைக் கேட்டு ராத்திரி தூக்கம் கெட்டது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் தங்கை நடந்து போகும்போது பைக்கில் வந்தவன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனான். கழுத்தில் காயம். ஸ்டேஷனில் அவளிடம், "கூட்டத்துல அறுந்து விழுந்திருக்கும்மா, காணவில்லைன்னு எழுதுங்க" என்றார்கள். அவள் பயந்துபோய் எழுத உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி மனு முடிந்திருந்தது. கிழித்துவிட்டு, நடந்தது நடந்தபடி புதிதாக எழுதினோம். காயத்துக்கு அரசு ஆஸ்பத்திரி சீட்டு வாங்கினோம். பிறகுதான் வழக்கு விழுந்தது.

தொலைந்தது என்று எழுதினால் அங்கே குற்றமே இல்லை. குற்றம் இல்லாத இடத்தில் எப்.ஐ.ஆர். எப்படி வரும்? ஸ்டேஷன் கணக்கில் திருட்டு ஒன்று குறையும், உங்களுக்கு உரிமை மொத்தமும் போகும். பறித்துக்கொண்டு ஓடுவது இப்போது பி.என்.எஸ். 304 என்று தனிக் குற்றமாகவே இருக்கிறது.

நிஜமாகவே தொலைந்த பொருள் வேறு. லைசென்ஸ், ரேஷன் கார்டு, சர்டிபிகேட் தொலைந்தால் தமிழ்நாடு போலீஸ் தளத்திலேயே ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷன் ஏற வேண்டாம்.

செல்போன் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், புதுச் சட்டத்தின் அட்டவணைப்படி திருட்டும் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாத குற்றம். அப்போது பதிவேட்டில் குறித்துவிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லி அனுப்புவார்கள் (174-ம் பிரிவு). அதனால் மனுவில் மதிப்பை எழுதாமல் விடாதீர்கள். வாங்கின பில் இருந்தால் நகல் சேருங்கள். 15,000 ரூபாய் போனை 'ஒரு செல்போன்' என்று மொட்டையாக எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் போனுக்கு இன்னொரு மனு கொடுக்கலாம். முதலில் எழுதியது எந்தச் சூழலில் என்று அதில் சொல்லுங்கள். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கியாச்சா? இல்லையென்றால் அது முதல் வேலை.

குமாஸ்தா | ஏப்ரல் 4, மதியம் 2.10

கீழவைகைக்கு: சி.எஸ்.ஆர். ஒன்றுக்கும் உதவாது என்ற எண்ணத்தை முந்தைய குறிப்புகள் உண்டாக்கியிருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை விடவே விடாதீர்கள். வண்டி போன அன்றே நீங்கள் போலீஸிடம் சொன்னீர்கள் என்பதற்கு உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி அது.

இன்சூரன்ஸில் தேதிதான் உயிர். 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருட்டு நடந்ததும் போலீஸில் சொல்லி எப்.ஐ.ஆர். போட்டிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்பதை மட்டும் வைத்துப் பணத்தை மறுக்க முடியாது என்று சொன்னது. போலீஸுக்கே தாமதமாகச் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. உங்கள் எப்.ஐ.ஆர். தேதி பிந்திப் போனால், பிந்தியது உங்களால் அல்ல என்று காட்ட சி.எஸ்.ஆர். வேண்டும். கம்பெனிக்கு இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள், சி.எஸ்.ஆர். நகலைச் சேர்த்து.

செவல்காடு | ஏப்ரல் 5, காலை 9.02

திங்கட்கிழமை கலெக்டர்கிட்ட மனு கொடுத்தா வேலை நடக்குமா?

குமாஸ்தா | ஏப்ரல் 5, மாலை 6.15

குறைதீர் நாளில் கொடுத்த போலீஸ் மனு எஸ்.பி. ஆபீஸ் போய், அங்கிருந்து டி.எஸ்.பி., அங்கிருந்து அதே ஸ்டேஷன், அதே ரைட்டர் மேஜைக்கு வரும். பட்டா, ஓய்வூதியம் என்றால் கலெக்டர் மனு சரி. எப்.ஐ.ஆருக்குச் சட்டம் போட்ட பாதையிலேயே போங்கள், ஏனென்றால் நாளைக்குக் கோர்ட் கேட்கப்போவது அந்தப் பாதையின் ரசீதுகளைத்தான்.

173(4): ஸ்டேஷன் அதிகாரி பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். ஸ்பீட் போஸ்ட், டெலிவரி ஆனதற்கான சான்றோடு. நேரில் கொடுத்து சீல் வாங்கினாலும் தபாலில் ஒன்று போகட்டும், சட்டத்தின் வாசகத்திலேயே தபால் என்று இருக்கிறது. அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பிரமாண வாக்குமூலம் கட்டாயம். 2015-ல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இப்போது 175(3)-ல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். பொய்யாகப் புகார் கொடுத்து அடுத்தவனை அலைக்கழிப்பதைத் தடுக்க வந்தது அது. உண்மை சொல்கிறவனுக்கு ஒரு நோட்டரி செலவு, அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் இப்போது போலீஸ் தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போட வேண்டும். நேரம் ஆகும். ஆனாலும் நேரே ஹைகோர்ட்டுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 2007-ல் சகிரி வாசு வழக்கிலேயே, எப்.ஐ.ஆர். போடச் சொல்லவும் விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, முதலில் அங்கே போங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறி, பீஸ் கட்டி வாங்கி வரும் உத்தரவு பல நேரம் பக்கத்துத் தெரு ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் கிடைக்கக்கூடியது.

குமாஸ்தா | ஏப்ரல் 5, இரவு 10.50

இன்னொரு வழி எங்கள் ஆபீஸில் அடிக்கடி பலன் தந்திருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு. நீளமாக எழுதாதீர்கள். என் சி.எஸ்.ஆர். மீது எடுத்த நடவடிக்கையின் விவரம் தருக. 173(3)-ன் கீழ் டி.எஸ்.பி. முன் அனுமதி தந்திருந்தால் அதன் நகல் தருக. இவ்வளவு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அப்படி ஒரு நகல் இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பதால், பதில் வருவதற்கு முன்பே எப்.ஐ.ஆர். வந்துவிடுவது உண்டு.

ஓய்வாசிரியை | ஏப்ரல் 7, காலை 11.20

தம்பி, பைக்கை விட்டுக் கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். எங்கள் தெருவில் நடந்த சண்டையைப் பார்த்த சாட்சி நான். வயது 68. 'நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க' என்று போனில் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் என் மேல் கேஸ் போடுவார்களா?

குமாஸ்தா | ஏப்ரல் 7, மதியம் 1.45

டீச்சரம்மா, நீங்கள் போக வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 179. சாட்சியை வரச் சொல்வது எழுத்து உத்தரவாக இருக்க வேண்டும். எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும் அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே பாதுகாப்பு. நீங்களாக விரும்பிப் போனால் போகலாம்.

என் அம்மாவை இப்படித்தான் கூப்பிட்டார்கள், பொதுக் குழாய்த் தகராறு ஒன்றுக்கு. எழுபதைத் தாண்டியவர். கூப்பிட்ட ஏட்டிடம், "சார், அம்மா வீட்டுலதான் இருக்காங்க, எப்ப வேணா வாங்க, நோட்டீஸ் மட்டும் கொண்டு வாங்க" என்று சொன்னேன். மறுநாள் ஒரு எஸ்.ஐ. வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அம்மா காபி கொடுத்தார். சண்டை இல்லை, பகை இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதும்போது ஒன்று கவனியுங்கள். சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. 181-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. புகார் கொடுத்தவர் புகாரில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி சொன்னதை போலீஸ் எழுதினால் அதில் கையெழுத்து கிடையாது. வெள்ளைத் தாளில் கேட்டால் கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள்.

குமாஸ்தா | ஏப்ரல் 7, இரவு 9.30

டீச்சருக்குச் சொன்னதை எல்லோரும் தனக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சாட்சிக்கான விதி. உங்கள் மேலேயே புகார் என்றால் வேறு. அப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் நோட்டீஸ் வரும், சொன்ன தேதியில் போய்த்தான் ஆக வேண்டும். போய் ஒத்துழைத்தால் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதையே காரணமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று இந்த ஜனவரியில்தான் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 3 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக்கூடாது.

மணல்மேடு | ஏப்ரல் 8, காலை 8.12

பொம்பளைங்கள சூரியன் மறைஞ்சப்புறம் கைது பண்ணினா அந்தக் கைதே செல்லாதுல்ல?

குமாஸ்தா | ஏப்ரல் 8, மாலை 7.00

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். விதி உண்மை: சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யக்கூடாது, தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 43(5). ஆனால் இந்த வருஷம் பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு, இது வழிகாட்டும் தன்மை கொண்டது, மீறினால் கைது தானாகவே செல்லாமல் போய்விடாது, ஆனால் ஏன் மீறினேன் என்று அந்த அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. நள்ளிரவில் ஜீப்பில் ஏற்றப்பட்ட பெண்ணுக்கு, அதிகாரி பின்னால் கொடுக்கிற விளக்கம் எந்த அளவுக்கு ஆறுதல்? என்றாலும் இன்றைய நிலை இது. வாட்ஸ்அப் பார்வேர்டை நம்பி ஸ்டேஷன் வாசலில் "கைது செல்லாது" என்று வாதாட வேண்டாம். நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வக்கீல் மூலம் அதைச் சொல்ல வையுங்கள்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது (பயண நேரம் நீங்கலாக) அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ம் பிரிவிலேயே இருக்கிறது. அதில் வழிகாட்டும் தன்மை என்ற பேச்சே கிடையாது.

குமாஸ்தா | ஏப்ரல் 8, இரவு 11.40

கைது என்று பேச்சு வந்ததும் 2020 ஜூன் நினைவுக்கு வந்துவிட்டது. சாத்தான்குளம். ஸ்டேஷனில் தாக்கப்பட்டு இறந்துபோன ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பாவும் மகனும். அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தன என்று எழுதினார். அதைப் படித்த அன்று எங்கள் வளாகத்தில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வருஷம் டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில்கூட ஒரு வருஷத்துக்குக் குறையக்கூடாது என்றது. லாக்கப், வரவேற்பறை, நுழைவாயில் எல்லாம் அதில் அடங்கும். ஸ்டேஷனில் மனுவை வாங்க மறுத்தாலோ மிரட்டினாலோ, அன்றைய தேதியும் நேரமும் குறித்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். அடித்தார்கள் என்றால் கடிதத்தோடு நிற்காமல் அன்றே அரசு ஆஸ்பத்திரி.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 10, காலை 6.55

அண்ணா, நான் வேற ஊர்ல வேலை பாக்குறேன். பஸ்ல வரும்போது ஒருத்தன் தொந்தரவு பண்ணினான். இறங்கின ஊர் ஸ்டேஷன்ல 'எங்க லிமிட் இல்லம்மா'ன்னு அனுப்பிட்டாங்க. எந்த ஊர் எல்லையில நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தா | ஏப்ரல் 10, காலை 7.20

தங்கச்சி, உனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிய வேண்டும் என்று 173(1) சொல்கிறது. பூஜ்ய எண் போட்டுப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஜீரோ எப்.ஐ.ஆர். என்பார்கள். பாலியல் குற்றப் புகாரைப் பெண் போலீஸ்தான் எழுத வேண்டும்.

இதையும் தெரிந்துகொள். பெண்கள் மீதான பாலியல் குற்றங்களில் பலவற்றுக்கு, தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை உண்டு. பி.என்.எஸ். 199, குறைந்தது 6 மாதம், 2 வருஷம் வரை கடுங்காவல். உன் விஷயம் அந்தப் பட்டியலில் வருமா என்பது அவன் செய்தது என்ன என்பதைப் பொறுத்தது, அதை இங்கே எழுத வேண்டாம். இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் பண்ணு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வக்கீல் இலவசமாகக் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, சம்பளம் எவ்வளவு என்றாலும் உண்டு. 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவு. தனியாகப் போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே.

குமாஸ்தா | ஏப்ரல் 10, இரவு 9.15

காலையில் அந்தப் பெண்ணுக்கு எழுதிய பிறகு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. நாம் பிரிவு எண்களை அடுக்குகிறோம். ஸ்டேஷன் படி ஏறும்போது அந்த எண்கள் ஞாபகம் வருமா? எனக்கே நாக்கு உலரும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். வீட்டிலேயே மனுவை எழுதி 2 பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் கேளுங்கள். தர மறுத்தால் வாதாடாமல் வெளியே வந்து நேரே போஸ்ட் ஆபீஸ். அங்கே வாங்கும் ரசீது, உள்ளே ஒரு மணி நேரம் வாதாடுவதை விடப் பெரிய வேலை செய்யும்.

பணத்தை ஆன்லைனில் ஏமாந்தவர்களுக்கு மட்டும் இந்த நிதானம் கூடாது. மனு எழுத உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் உண்டு.

கீழவைகை | ஏப்ரல் 24, மதியம் 12.08

எஸ்.பி.க்கு ரெஜிஸ்டர் போஸ்ட் போட்டேன். நேத்து ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டு எப்.ஐ.ஆர். போட்டுக் கொடுத்துட்டாங்க. இனி இன்சூரன்ஸ்ல கொடுக்கலாமா?

குமாஸ்தா | ஏப்ரல் 24, மதியம் 12.30

கொடுக்கும் முன் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். சம்பவம் நடந்த தேதி சரியா? ஸ்டேஷனுக்குத் தகவல் கிடைத்த தேதி என்று எதைப் போட்டிருக்கிறார்கள்? நேற்று நீங்கள் முதல்முறையாக வந்து புகார் கொடுத்தது போல எழுதியிருந்தால் இன்சூரன்ஸில் அதையே பிடித்துக்கொள்வார்கள். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் பாருங்கள். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா?

கீழவைகை | ஏப்ரல் 24, மதியம் 12.51

அண்ணே... நேத்துத் தேதிதான் போட்டிருக்கு. 'இன்று நிலையம் ஆஜராகி'ன்னு இருக்கு. சி.எஸ்.ஆர். பத்தி ஒரு வரியும் இல்ல.

குமாஸ்தா | ஏப்ரல் 24, மதியம் 1.05

எதிர்பார்த்தேன். இன்றே இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம்: இன்ன தேதியில் இன்ன எண் சி.எஸ்.ஆர். மூலம் முதலில் புகார் கொடுத்தேன், அதன் தொடர்ச்சியே இந்த எப்.ஐ.ஆர்., இதை வழக்குக் கோப்பில் சேர்க்க வேண்டும். சி.எஸ்.ஆர். நகலும் எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதின் நகலும் இணைப்பு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதே கடிதத்தின் பிரதி இன்சூரன்ஸ் மனுவோடு போகட்டும். எப்.ஐ.ஆரை அடித்துத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள், அது கோர்ட்டுக்குப் போய்விட்ட காகிதம், திருத்த முடியாது. கூடுதலாகச் சேர்க்கத்தான் முடியும்.

செவல்காடு | ஏப்ரல் 25, காலை 9.40

எப்.ஐ.ஆர். போட்டப்புறம் வண்டி கிடைச்சிட்டா, இல்ல சமாதானமாயிட்டா, ஸ்டேஷன்லயே வாபஸ் வாங்கிக்கலாமா?

குமாஸ்தா | ஏப்ரல் 25, இரவு 8.50

முடியாது. சி.எஸ்.ஆர். மனுவைச் சமாதானம் என்று எழுதி மூடுவார்கள், அதனால்தான் கட்டப்பஞ்சாயத்துக்கு அது வசதியாக இருக்கிறது. எப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குத் தெரிந்துவிட்ட பிறகு ஸ்டேஷனால் கிழிக்க முடியாது. சமாதானமாகக்கூடிய குற்றம் என்றால் கோர்ட்டில் சமாதானம் செய்துகொள்ளலாம், மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றம்தான். எப்.ஐ.ஆர். போடத் தயங்குவதற்குப் பெரிய காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். போட்டுவிட்டால் முடிவைக் கோர்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்தவருக்கும் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். புதுச் சட்டத்தில் இது எனக்குப் பிடித்த பகுதி, 193-ம் பிரிவு.

வண்டி கிடைக்கவில்லை என்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை போட்டு முடிப்பார்கள். இன்சூரன்ஸுக்கு அந்தச் சான்று வேண்டும், கேட்டு வாங்குங்கள். வேறு வகை வழக்குகளில், 'பொருண்மைப் பிழை', அதாவது சொன்ன விஷயமே தவறு, என்று வழக்கை முடித்து, அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்ற ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. உண்மையில் எதுவும் முடிந்துவிடவில்லை. வழக்கை மூடும் முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்று 1985-ல் பகவந்த் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸ் உங்களுக்கு வருவதே அதனால்தான். மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணை மனு போடலாம், மேல் விசாரணை கேட்கலாம்.

நோட்டீஸில் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் வாங்காமல் கான்ஸ்டபிளை அனுப்பாதீர்கள். அடுத்த வேலைநாளிலேயே அந்த நகலோடு ஜே.எம். கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள், வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் அதே வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அறை இருக்கும், முதலில் அங்கே கேளுங்கள்.